பத்து ஆண்டுக்கு 2 மைக்ரான்: விழித்திரை நுண்குழல்களில் வயதைப் படிப்பது

வயது ஏற ஏற விழித்திரையின் நுண்தமனிகள் மெலிகின்றன என்பது கண் மருத்துவம் சார்ந்த எல்லோரும் படிக்கும் பாடம். எவ்வளவு மெலிகின்றன என்று கேட்கும்போதுதான் இந்த வேலையின் கடினம் புரியும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீவர் டேம் ஊர்மக்களிடம் நடந்த கண் ஆய்விலிருந்து 2003இல் வெளிவந்த கணக்கு, வயது பத்து ஆண்டு கூடினால் சுமார் 2 மைக்ரான் என்கிறது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதே கணக்கில், சராசரித் தமனி அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசம் கூடினால் 4.4 மைக்ரான் மெலிகிறது. கட்டுப்படாத இரத்த அழுத்தம் மட்டுமே இருபது ஆண்டு முதுமையைப் படத்தில் காட்டிவிடும் என்று பொருள்.

இந்த 2 மைக்ரானைப் படத்தின் புள்ளி அளவோடு வைத்துப் பாருங்கள். 45 பாகை ஃபண்டஸ் படம், அதாவது கண்ணின் உள் பின்புறத்தை எடுக்கும் படம், விழித்திரையில் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. குழல்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களைச் சோதிக்க உலகமெங்கும் பயன்படும் ‘டிரைவ்’ தொகுப்பின் 40 படங்களும் 565 x 584 பிக்சல்கள். அவற்றில் ஒளிவட்டத்தின் விட்டம் 540 பிக்சல் அளவுதான், ஆகவே ஒரு பிக்சல் 24 மைக்ரான். பத்து ஆண்டு முதுமை அங்கே ஒரு பிக்சலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வட்டம் 3000 பிக்சல் கொண்ட இன்றைய நல்ல கேமராவில்கூட ஒரு பிக்சல் 4 மைக்ரானுக்கு மேல்தான் வரும்.

தனி ஒருவரின் ஒரு படத்தைப் பார்த்து, அகலத்தை மட்டும் வைத்து, ‘உங்கள் இரத்தக் குழாய்களுக்கு வயதாகிவிட்டது’ என்று சொல்வது தவறு என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும் போக்கு, ஒரே கண்ணில் அளவுப் பிழைக்குள் மூழ்கிவிடுகிறது. அந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன, எவற்றை அடக்கலாம், அகலத்தை விட்டால் வேறு எந்த வடிவ மாற்றங்களை நம்பலாம் என்பதைப் படம் எடுப்பவர்களுக்கும் படம் வாசிப்பவர்களுக்கும் உதவும்படி இங்கே எழுதுகிறோம்.

குழலுக்குள் நடப்பது என்ன

படத்தில் சிவப்புக் கோடாகத் தெரிவது குழல் அல்ல, குழலுக்குள் ஓடும் இரத்தம். ஆரோக்கியமான நுண்தமனியின் சுவர் கண்ணாடி போல ஒளியை விட்டுவிடுவதால் அது படத்தில் பதிவதில்லை. வயதும் அழுத்தமும் சுவரைத் தடிக்க வைக்கும்போது உள்வழி குறுகுகிறது. நாம் அளப்பது அந்த உள்வழியைத்தான். சுவரின் தடிப்பு வேறு விதத்தில் வெளிப்படும்: கோட்டின் நடுவே ஓடும் ஒளிக்கீற்று அகலமாகிறது. அது முற்றினால் குழல் செம்புக் கம்பி நிறம் கொள்ளும், இன்னும் முற்றினால் வெள்ளிக் கம்பி போலாகும். சுவரையே நேராக அளக்க வேண்டுமானால் கண்ணின் ஒளிச்சிதைவைத் திருத்திப் படமெடுக்கும் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கேமரா தேவை. சாதாரணக் கேமராவில் அது முடியாது.

பார்வை நரம்பு விழித்திரையோடு சேரும் வட்டமான இடமே நரம்பு வட்டு. அதைத் தாண்டி விழித்திரைக்குள் வந்தபின் இந்தக் குழல்களுக்குத் தன்னியக்க நரம்புகளின் பிடி இல்லை. இரத்த அழுத்தம், ஆக்சிஜன், கரியமில வாயு ஆகியவற்றுக்கேற்ப அவை தாமே சுருங்கி விரிகின்றன. வயதான குழலில் இந்தத் தன்கட்டுப்பாடும் விறைத்துவிடுகிறது. அதனால்தான் அழுத்தத்துக்கும் குறுகலுக்கும் உள்ள தொடர்பு இளையவர்களிடம் வலுவாகவும் முதியவர்களிடம் தளர்ந்தும் காணப்படுகிறது. எழுபது வயதுக்காரரின் நுண்தமனி ஓரளவு அகலமாகத் தெரிவதை வைத்து ‘அழுத்தம் நன்றாக இருக்கிறது’ என்று முடிவுகட்டக் கூடாது. சுருங்கும் திறனே குறைந்திருக்கலாம்.

மிக மெல்லிய குழல்களான தந்துகிகளில் நடப்பது வேறு. அடித்தளச் சவ்வு தடிக்கிறது, குழலைத் தாங்கிப் பிடிக்கும் பெரிசைட் செல்கள் குறைகின்றன, சில தந்துகிகள் செல்களை இழந்து வெற்றுக் குழாய்களாக நிற்கின்றன. வயது மட்டுமே காரணம் என்றால் இது விழித்திரையின் வெளி விளிம்பில்தான் முதலில் தொடங்கும். மையப் பகுதியில் நுண்வீக்கங்கள் தெரிந்தால் அதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள். சர்க்கரையைப் பாருங்கள்.

படம் எடுக்கும்போதே பாதி வேலை முடிகிறது

முதியவர்களின் கண்பாவை இருட்டிலும் முழுதாக விரியாது. சொட்டு மருந்து இல்லாமல் எடுக்கும் கேமராக்களுக்குப் பொதுவாக 4 மில்லிமீட்டர் பாவை தேவை. அது கிடைக்காதபோது படத்தின் ஒரு ஓரம் பிறை வடிவில் இருண்டு, அந்தப் பக்கத்துக் குழல்களின் விளிம்பு மங்கும். எங்கள் பரிந்துரை: வயதோடு ஒப்பிடும் நோக்கம் இருந்தால் எல்லோருக்கும் ஒரே முறை. விரிப்பதென்றால் எல்லோருக்கும் டிராபிகாமைடு விட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். விரிக்காமல் எடுப்பதென்றால் எல்லோருக்கும் விரிக்காமலே எடுங்கள். முதியவர்களுக்கு மட்டும் விரித்து இளையவர்களுக்கு விரிக்காமல் எடுத்த தொகுப்பில் வயதின் விளைவும் மருந்தின் விளைவும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். விரிப்பதற்கு முன், கண்ணின் முன்பக்க இடைவெளியான முன்னறையின் ஆழத்தைப் பார்ப்பதும், ஃபினைலெஃப்ரின் கலந்த சொட்டை உயர் இரத்த அழுத்தக்காரருக்குக் கவனத்தோடு விடுவதும் வழக்கமான எச்சரிக்கைகள்.

கண்புரைதான் பெரிய எதிரி. லென்ஸின் மையத்தில் வரும் நடுப்புரை மஞ்சளும் பழுப்புமாக முற்றும்போது நீல ஒளியை விழுங்குகிறது, எஞ்சிய ஒளியையும் சிதறடிக்கிறது. குழலின் விளிம்பு பரவுகிறது, மெல்லிய கிளைகள் மறைகின்றன. இதனால் இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் வரும்: பெரிய குழல்கள் உள்ளதைவிட அகலமாகப் பதிவாகும், சிறிய குழல்கள் எண்ணிக்கையில் குறையும். புரை அறுவைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் அருகருகே வைத்து ‘இரத்தக் குழாய் மாறிவிட்டது’ என்று சொல்வதைப் பார்த்திருக்கிறோம். மாறியது லென்ஸ்தான். அறுவைக்குப் பிறகு புதிதாக ஓர் அடிப்படைப் படம் எடுத்து, அதிலிருந்து கணக்கைத் தொடங்குவதே சரி.

கேமரா அமைப்பில் கவனிக்க வேண்டியவை இவை. நரம்பு வட்டை மையத்தில் வைத்து எடுங்கள். கூர்பார்வைக்குரிய நடுப்பகுதியான மாகுலாவை மையமாக வைத்தால், அகலத்தை அளக்க வட்டைச் சுற்றிக் கொள்ளும் வளையத்துக்குள் மூக்குப் பக்கக் குழல்கள் முழுதாக வராமல் போகலாம். ஒளிர்வு அதிகமானால் நடுக்கீற்று வெளுத்து, மென்பொருள் அதையே விளிம்பென்று எண்ணிவிடும். கேமராவின் ‘கூர்மைப்படுத்தல்’ வசதியை நிறுத்திவிடுங்கள். அது விளிம்பை ஒட்டிப் பொய்யான ஒளிக்கோட்டை வரைகிறது. ஜேபெக் சுருக்கம் 8 x 8 கட்டங்களாக விளிம்பை உடைப்பதால், சுருக்காத வடிவிலும் ஒரு பிரதி சேமியுங்கள். சேமிக்க இடம் போதாதென்றால் சுருக்கத்தை மிகக் குறைவாகவாவது வையுங்கள்.

ஒளிப்பாய்ச்சலும் ஒரு தூண்டல். மினுக்கும் ஒளி பட்டால் விழித்திரைக் குழல்கள் சில சதவீதம் விரிகின்றன. இதயத் துடிப்பின் கட்டத்தைப் பொறுத்தும் அகலம் சில சதவீதம் ஏறி இறங்கும். 100 மைக்ரான் குழலில் 3 சதவீதம் என்றாலே 3 மைக்ரான். ஒரே கண்ணில் குறைந்தது மூன்று படங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே கண் ஓய்வெடுக்கும் இடைவெளி, பிறகு மூன்றின் சராசரி. இதைவிட மலிவான பிழைத்திருத்தம் வேறு இல்லை. புகைபிடித்தவரையும் காபி குடித்துவிட்டு நேராக வந்தவரையும் சிறிது நேரம் உட்காரவைத்து, அதே வேளையில் இரத்த அழுத்தத்தையும் எடுத்துக் குறித்துவிடுங்கள். அழுத்தம் எழுதப்படாத குழல் அகலத்தை வைத்து வயதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அகலத்தை அளப்பது

இன்று பெரும்பாலான ஆய்வுகள் பின்பற்றும் முறை இப்படி வளர்ந்தது: பார் என்பவர் 1974இல் தமனிகளை இணைத்துக் கணக்கிடும் வாய்பாட்டை வகுத்தார், 1999இல் ஹப்பர்டும் உடனாளர்களும் அதைச் சிரைகளுக்கும் விரித்தார்கள், 2003இல் நட்ட்சனும் உடனாளர்களும் எளிமையாக்கினார்கள். நரம்பு வட்டின் விளிம்பிலிருந்து அரை வட்டு விட்டம் தள்ளித் தொடங்கி, ஒரு வட்டு விட்டம் வரையுள்ள வளையமே அளக்கும் இடம். அதற்குள் ஓடும் மிகப் பெரிய ஆறு நுண்தமனிகள், மிகப் பெரிய ஆறு நுண்சிரைகள் மட்டுமே கணக்கில் வரும்.

வட்டுக்கு ஒட்டிய பகுதியை விடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், நரம்பிழைகள் விளிம்பை மூடும், சுவரின் அமைப்பே தமனிக்குரியதிலிருந்து நுண்தமனிக்குரியதாக மாறிக்கொண்டிருக்கும்.

வண்ணப் படத்தில் சேர்ந்துள்ள சிவப்பு, பச்சை, நீலத் தடங்களில் பச்சைத் தடத்தை மட்டும் தனியே எடுங்கள். ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் குழலுக்கும் பின்புலத்துக்கும் வேறுபாடு அதில்தான் கூடுதலாகத் தெரியும். சிவப்புத் தடம் வெளுத்தும் நீலத் தடம் இரைச்சலோடும் இருக்கும், முதியவர்களிடம் நீலம் கிட்டத்தட்டப் பயன்படாது. குழல் நேராக ஓடும், கிளை பிரியாத, வேறு குழல் குறுக்கிடாத ஒரு துண்டைத் தேர்ந்து, அதன் நீளத்தில் பல இடங்களில் குறுக்கே ஒளிச்செறிவு வரைபடம் எடுத்து, குழல் இருளாகப் பதியும் பள்ளத்தின் பாதி ஆழத்தில் உள்ள அகலத்தைக் குறியுங்கள். எல்லாவற்றின் சராசரிதான் அந்தக் குழலின் அகலம். நடுக்கீற்று வலுவாக உள்ள தமனியில் பள்ளம் இரட்டையாகத் தெரியும். தானியங்கி மென்பொருள் ஒரு பள்ளத்தை மட்டும் பிடித்து பாதி அகலம் தரும். அளந்த இடங்களில் பாதி மதிப்புகள் திடீரென்று மற்றவற்றில் பாதியாக இருந்தால் இதுவே காரணம், கையால் திருத்துங்கள்.

தமனியா சிரையா என்ற குழப்பத்துக்குக் கண்ணளவில் பதில்: சிரை கருஞ்சிவப்பு, அகலம், நடுக்கீற்று மெல்லியது. தமனி வெளிர்சிவப்பு, மெலிவு, கீற்று தெளிவு. இதைவிட நம்பகமான விதி ஒன்று: தமனி தமனியைக் குறுக்கே கடக்காது, சிரை சிரையைக் கடக்காது. குறுக்கீடு ஒன்றைக் கண்டால் அங்கிருக்கும் இரண்டில் ஒன்று தமனி, மற்றது சிரை. ஐயமான குழலை வட்டு வரை பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

பிறகு கணக்கு. பெரியதையும் சிறியதையும் இணையாக்கி, இரண்டு அகலங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, தமனியானால் 0.88ஆல், சிரையானால் 0.95ஆல் பெருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஆறு நுண்தமனிகள் 110, 100, 95, 85, 80, 70 மைக்ரான் என்று கொள்வோம். 110ஐயும் 70ஐயும் இணைத்தால் 114.7. 100ஐயும் 80ஐயும் இணைத்தால் 112.7. 95ஐயும் 85ஐயும் இணைத்தால் 112.2. அடுத்த சுற்றில் 114.7ஐயும் 112.2ஐயும் இணைத்தால் 141.2, நடுவிலிருந்த 112.7 அப்படியே மேலே போகும். கடைசியாக 141.2ஐயும் 112.7ஐயும் இணைத்தால் 159 மைக்ரான். மைய விழித்திரைத் தமனிக்கு ஈடான அகலம் இதுதான்.

இப்போது இதே கண்ணில் பிழைகளைப் புகுத்திப் பாருங்கள். 70 மைக்ரான் தமனி மங்கலில் மறைந்து, அதற்குப் பதில் 45 மைக்ரான் கிளை ஒன்று எடுக்கப்பட்டால் விடை 155க்கு இறங்கும்: இரண்டு பத்தாண்டு முதுமை கூடியது போல. மங்கலால் ஆறு குழல்களின் அகலமும் ஒரு பிக்சல், அதாவது 4.5 மைக்ரான், கூடுதலாகப் பதிவானால் விடை 167: நாற்பது ஆண்டு இளமை. 130 மைக்ரான் சிரை ஒன்று தவறாகத் தமனிப் பட்டியலில் ஏறி 70 வெளியேறினால் 177. தமனி–சிரைப் பெயர்க் குழப்பம்தான் எல்லாவற்றிலும் கொடியது என்பது இதிலிருந்து தெரியும். மென்பொருள் தந்த பெயர்களை ஒரு மனிதக் கண் சரிபார்க்காமல் விடக்கூடாது என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பதும் இதனால்தான்.

சிலியோரெட்டினல் தமனி வட்டின் விளிம்பிலிருந்து கொக்கி போல வளைந்து வரும். அது வேறு இரத்த ஓட்டத்தைச் சேர்ந்தது. அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக எழுதிவைத்து எல்லாப் படங்களிலும் ஒன்றுபோலக் கடைப்பிடியுங்கள். வளையத்துக்குள்ளேயே கிளை பிரியும் குழலுக்கும் அப்படியே: தாய்க்குழலா கிளைகளா என்று ஒரே விதி.

கண்ணின் நீளம் செய்யும் குழப்பம்

மைக்ரான் என்று எழுதுகிறோம், கேமராவுக்குத் தெரிந்ததோ பாகை மட்டும்தான். ஒரு பாகை விழித்திரையில் எத்தனை மில்லிமீட்டர் என்பது கண்ணின் நீளத்தைப் பொறுத்தது. பென்னெட் வாய்பாட்டில், கண்ணின் நீளத்திலிருந்து 1.82ஐக் கழித்து 0.01306ஆல் பெருக்கினால் பாகைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது கிடைக்கும். 22 மில்லிமீட்டர் கண்ணுக்கு 0.264, 24க்கு 0.290, 26க்கு 0.316. எல்லாக் கண்ணும் 24 என்று கொண்டு ஓடும் மென்பொருள், 26 மில்லிமீட்டர் நீளமுள்ள கிட்டப்பார்வைக் கண்ணின் 109 மைக்ரான் குழலை 100 என்று சொல்லும். ஒன்பது மைக்ரான் பிழை, நாற்பது ஆண்டுக்கும் மேற்பட்ட முதுமை.

வயது ஆய்வில் இது ஒரு பக்கமாகவே சாய்க்கும். இன்றைய இளைஞர்களிடம் கிட்டப்பார்வை அவர்களின் தாத்தா பாட்டிகளைவிட அதிகம். திருத்தாமல் விட்டால் இளையவர்களின் குழல்கள் உள்ளதைவிட மெல்லியவையாகப் பதிந்து, வயதால் வரும் குறுகல் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். பயோமெட்ரி கருவி இருந்தால் கண்ணின் நீளத்தை அளந்து எழுதுங்கள். இல்லையென்றால் கண்ணாடி எண்ணையாவது எழுதுங்கள். ஆனால் புரை முற்றும்போதும் கண்ணாடி எண் கிட்டப்பார்வைப் பக்கம் நகரும் என்பதால், முதியவர்களிடம் அந்த எண் கண்ணின் நீளத்தைக் காட்டுவதில்லை.

வட்டின் விட்டத்தை 1.8 மில்லிமீட்டர் என்று வைத்து அளவுகோலாக்குவதும் பழக்கத்தில் உண்டு. வட்டுகள் ஆளுக்கு ஆள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் தனி நபருக்கு இது உதவாது.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கத் தமனி–சிரை விகிதத்தைப் பலர் நாடுகிறார்கள். உருப்பெருக்கம் மேலும் கீழும் அடிபட்டுப்போகும் என்பது உண்மை. வழக்கமாகச் சொல்லும் 2க்கு 3 என்பதும் இதுவே. ஆனால் விகிதம் குறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு: தமனி குறுகலாம், சிரை விரியலாம். புகைப்பழக்கம், உடல்பருமன், சர்க்கரை, உடலில் அழற்சி ஆகியவை சிரையை விரிக்கின்றன. முப்பது வயதுப் புகைப்பழக்கக்காரரின் விகிதம், அறுபது வயதில் நலமாக இருப்பவரின் விகிதத்தைப் போல இருக்க முடியும். விகிதத்தை எழுதுங்கள், கூடவே தமனி அகலத்தையும் சிரை அகலத்தையும் தனித்தனியே எழுதுங்கள்.

பீவர் டேம் ஆய்வில் பங்கேற்றோர் பெரும்பாலும் வெள்ளையினத்தவர். நம்முடைய விழித்திரைகளின் பின்புலம் நிறமி கூடியது, குழலுக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு அதனால் மாறும். அவர்களின் எண்ணைக் கொண்டு நம்மவர் ஒருவரை ‘இயல்பு’, ‘குறுகல்’ என்று வகைப்படுத்தக் கூடாது. சிங்கப்பூரில் 2007 முதல் 2009 வரை நடந்த இந்தியர் கண் ஆய்வு, 40 வயதைக் கடந்த இந்திய வம்சாவளியினரை எடுத்துக்கொண்டது. அங்குள்ள இந்தியரில் பெரும்பான்மையினர் தமிழர் என்பதால், நமக்கு நெருங்கிய ஒப்பீடு வேண்டுபவர்கள் அந்த ஆய்வுத் தொடரைத் தேடிப் படிக்கலாம்.

அகலத்தைத் தாண்டிய வடிவங்கள்

குறுக்கீடுகள்தான் எங்களுக்கு மிகவும் பிடித்த அடையாளம். காரணம், அவை மைக்ரானை நம்பியிருப்பவை அல்ல. தமனியும் சிரையும் கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே வெளியுறை. பெரும்பாலும் தமனி மேலே, சிரை கீழே. தமனிச் சுவர் தடித்து இறுகும்போது கீழேயுள்ள சிரை இருபுறமும் கூர்ந்து மறைகிறது. இதை மார்கஸ் கன் 1892இல் விவரித்தார். சிரை தன் பாதையை விட்டுச் செங்கோணமாக விலகிக் கடந்தால் அது சாலஸ் அடையாளம். கடந்த இடத்துக்கு அப்பால் சிரை தேங்கிப் புடைத்தால் பானே அடையாளம், அதுவே கவலைக்குரியது. கிளைச் சிரை அடைப்பு பெரும்பாலும் இந்தக் குறுக்கீடுகளில்தான் நேர்கிறது, விழித்திரையின் மேற்புறத்தில் நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் மிகுதி.

குறுக்கீட்டு அழுத்தமும் பொதுவான குறுகலும் பல ஆண்டுகளுக்கு முந்தைய இரத்த அழுத்தத்தோடும் தொடர்புள்ளவை. ஓரிடத்தில் மட்டும் இடுப்பு போல ஒடுங்கும் குறுகல் இப்போதைய அழுத்தத்தோடு தொடர்புள்ளது. இந்த வேறுபாடு நடைமுறையில் மிகவும் பயன்படும். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அன்று எடுத்த அழுத்தம் 124/78 என்றிருந்து, நான்கு குறுக்கீடுகளில் சிரை கூர்ந்திருந்தால், அவர் பல காலம் அறியாமலே உயர் அழுத்தத்தோடு இருந்திருக்கலாம், அல்லது மருந்தில் இருக்கலாம். கேளுங்கள். அழுத்தத்தின் விளைவையும் சுவர் இறுக்கத்தையும் ஒரே தரவரிசையில் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாகத் தரமிட வேண்டும் என்று ஷீ 1953இல் சொன்னது இன்றும் சரியான வழி. உயர் அழுத்தத்தால் விழித்திரையில் வரும் மாற்றங்களைத் தரமிடும் 1939இன் கீத்–வேகனர்–பார்க்கர் வரிசையில் முதல் இரண்டு படிகளை வாசிப்பவருக்கு வாசிப்பவர் வேறாகத் தரமிடுவது தெரிந்த குறை.

இளையவர்களின் விழித்திரையில் குழல்களை ஒட்டிப் பட்டுப் போன்ற மினுக்கம் தெரியும். அது உள்ளெல்லைச் சவ்வின் பிரதிபலிப்பு, சுவர் இறுக்கம் இல்லை. கண்ணை அசைத்தாலோ ஒளிக்கோணத்தை மாற்றினாலோ அந்த மினுக்கம் இடம் மாறும். இருபது வயதுக்காரருக்கு ‘செம்புக் கம்பி’ என்று எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் இதுவே.

கிளைக் கோணம்: ஒரு நுண்தமனி இரண்டாகப் பிரியும்போது ஓட்டச் செலவு குறைவாக இருக்கக் கிளைகளுக்கு நடுவே 75 பாகை அளவில் கோணம் பொருத்தமானது என்று கணக்கு சொல்கிறது. வயதோடும் உயர் அழுத்தத்தோடும் இந்தக் கோணம் குறுகுவதை 1995இல் ஸ்டான்டனும் உடனாளர்களும் காட்டினார்கள். கோணம் உருப்பெருக்கத்தால் மாறாது என்பது இதன் பலம். கோளமான விழித்திரையைத் தட்டையாக்கிய படத்தின் ஓரங்களில் கோணம் சிதையும் என்பது பலவீனம். வட்டைச் சுற்றிய பகுதியிலேயே அளந்து, ஒரு கண்ணுக்குப் பல கிளைகளின் சராசரியை எடுங்கள்.

வளைவுநெளிவு பற்றி எச்சரிக்கை மட்டும்: குழலின் ஓட்ட நீளத்தை நேர்கோட்டுத் தொலைவால் வகுப்பது எளிய அளவு, ஆனால் பிறவியிலேயே நெளிந்த குழல் உள்ளவர்கள் நிறையப் பேர். முந்தைய படம் இல்லாமல் இதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். முந்தைய படத்தில் நேராக இருந்த சிரைகள் எல்லாம் இப்போது நெளிந்து புடைத்திருந்தால் அது வயது அன்று, அவசரமாகப் பார்க்க வேண்டிய நோய். கிளையமைப்பின் செறிவைச் சொல்லும் ஃபிராக்டல் பரிமாணம் வயதோடு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மங்கிய படத்திலும் அது குறையும், ஏனென்றால் மெல்லிய கிளைகள் மறைகின்றன. புரையுள்ள முதியவர்களை நீக்காத தொகுப்பில் இந்த எண் குழலின் வயதைச் சொல்கிறதா, லென்ஸின் வயதைச் சொல்கிறதா என்று பிரிக்கவே முடியாது.

தந்துகிகளைப் பார்க்க: ஓ.சி.டி. ஆஞ்சியோகிராஃபி

ஓ.சி.டி. ஆஞ்சியோகிராஃபி, சாயம் செலுத்தாமல் ஒளியால் ஸ்கேன் செய்து இரத்த ஓட்டத்தைப் படமாக்கும் முறை. மாகுலாவின் நடுக்குழியான ஃபோவியாவின் நடுவே குழலே இல்லாத ஒரு வட்டம் உண்டு. நலமான கண்களில் பரப்பு பெரும்பாலும் 0.2 முதல் 0.4 சதுர மில்லிமீட்டர். வயதோடு அது சற்று விரிகிறது, சுற்றியுள்ள தந்துகி வலையின் அடர்த்தி குறைகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு வயதின் விளைவைவிடப் பெரிது. ஆகவே இங்கும் ஒரே கண்ணை அதன் பழைய பதிவோடு ஒப்பிடுவதே பொருளுள்ளது.

3 x 3 மில்லிமீட்டர் ஸ்கேனில் பக்கத்துக்கு 304 புள்ளிகள் என்றால் புள்ளிக்கு 10 மைக்ரான். தந்துகியின் உண்மை அகலம் அதைவிடக் குறைவு. படத்தில் தெரியும் தந்துகி அகலத்தை அளப்பதில் பொருளில்லை, இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லலாம். 6 x 6 ஸ்கேனின் அடர்த்தி எண்ணை 3 x 3 ஸ்கேனின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், ஒரு நிறுவனக் கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடும் ஒப்பிடாதீர்கள். இந்தக் கருவி அசைவைப் படம் பிடிப்பது, ஓட்டம் மிக மெதுவான தந்துகி இருந்தும் இல்லாதது போலத் தெரியும். சமிக்ஞை வலிமை குறைந்தாலே அடர்த்தி பொய்யாகக் குறையும் என்பதால் 10க்கு 7க்குக் கீழான பதிவை மீண்டும் எடுங்கள். முதியவர்களுக்குக் கண் உலர்வதால், பதிவுக்கு முன் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு இரண்டு முறை இமைக்கச் சொன்னால் சமிக்ஞை ஏறுவது கண்கூடு.

கணினி சொல்லும் வயது

கூகுள் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து ஆழ்கற்றல் நிரல் வயதைச் சராசரியாக 3.26 ஆண்டுப் பிழையோடு சொன்னது. வயதைச் சொல்லும்போது அது பெரும்பாலும் பார்த்த இடம் இரத்தக் குழல்கள். கையால் அளக்கும் அகலத்தில் கிடைக்காத துல்லியம் இது, மறுக்க வேண்டியதில்லை. அந்த எண்ணை நோயாளியிடம் கொடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. நிரல் பயின்ற கேமரா, மக்கள்தொகை, பட அளவு ஆகியவற்றிலிருந்து விலகினால் பிழை கூடும். புரையின் மஞ்சளையும் அது வயதின் தடயமாகப் பயன்படுத்தியிருக்கலாம். ‘உங்கள் விழித்திரை வயது உங்கள் வயதைவிட ஆறு அதிகம்’ என்ற அறிக்கை கையில் வந்தால், முதலில் செய்ய வேண்டியது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் பரிசோதனை. இம்மூன்றுக்கும் சிகிச்சை உண்டு.

அறிக்கையில் எழுத வேண்டியவை, வயதென்று விடக்கூடாதவை

எந்தக் கண், எந்தக் கேமரா, எத்தனை பாகை, விரித்தா விரிக்காமலா, லென்ஸின் நிலை, கண்ணின் நீளம் அல்லது கண்ணாடி எண், அன்றைய இரத்த அழுத்தம், எடுத்துக்கொள்ளும் மருந்துகள். இவை இல்லாத குழல் அகலத்தை ஐந்து ஆண்டு கழித்து யாரும் பயன்படுத்த முடியாது. அடுத்த முறையும் அதே கண், அதே கேமரா, முடிந்தால் அதே வேளை. மறுபதிவில் 5 மைக்ரானுக்குக் குறைவான மாற்றத்தை ‘மாற்றமில்லை’ என்று எழுதுவது எங்கள் பழக்கம். நாற்பதை ஒட்டிய வயதில், புரை தொடங்குமுன், தெளிவான ஓர் அடிப்படைப் படத்தை எடுத்து அதன் மூலக் கோப்பின் ஒரு பிரதியை நோயாளியிடமே கொடுங்கள். தாளில் அச்சிட்ட படம் பின்னாளில் அளவுக்கு உதவாது.

எழுபது வயதானாலும் கீழ்க்காண்பவற்றை முதுமை என்று எழுதக் கூடாது. நுண்வீக்கம், புள்ளி இரத்தக்கசிவு, பஞ்சு போன்ற வெண்திட்டு, மஞ்சள் படிவு ஆகியவற்றுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிரை அடைப்பு என்று காரணம் தேட வேண்டும். உயர் அழுத்தமுள்ள முதிய பெண்களிடம் பெரிய தமனிக் கிளையில் குமிழ் போன்ற வீக்கம் தெரிந்தால் அது வெடித்துக் கசியக்கூடியது, விழித்திரை நிபுணரிடம் அனுப்புங்கள். கிளை பிரியும் இடத்தில் மின்னும் மஞ்சள் துணுக்கு பெரும்பாலும் கழுத்துத் தமனியிலிருந்து பிய்ந்து வந்த கொழுப்பு. பார்வை நன்றாக இருந்தாலும் பக்கவாத அபாயப் பரிசோதனைக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். நரம்பு வட்டு வீங்கி, இரத்த அழுத்தமும் மிக உயர்ந்திருந்தால் அன்றே மருத்துவமனை. வலியில்லாமல் ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போனால் படம் எடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அது விழித்திரைத் தமனி அடைப்பாக இருக்கலாம், பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு உடனே அனுப்புங்கள்.